மெரினாவின் வெள்ளைக் கட்டடமும் அதைக் கட்டிய ஃப்ரீமேசன்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மெரினா கடற்கரைச் சாலையின் பழைய கட்டடங்களைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் கட்டுரை வரும்போதெல்லாம் சேப்பாக்கம் அரண்மனை, செனட் இல்லம், மாநிலக் கல்லூரி, ஐஸ் ஹவுஸ் என்ற வரிசை தவறாமல் இடம்பெறுகிறது. அந்த வரிசையில் தெற்கே நகர்ந்து, காந்தி சிலைக்கு எதிரே உள்ள வெள்ளைக் கட்டடத்துக்கு வந்ததும் ‘காவல்துறைத் தலைமையகம்’ என்றோ ‘டி.ஜி.பி. அலுவலகம்’ என்றோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டு எழுதுகிறவர்கள் கடந்துபோய்விடுகிறார்கள். அந்தக் கட்டடத்தைக் காவல்துறை கட்டவில்லை. ஃப்ரீமேசன் என்னும் சகோதர அமைப்பின் சென்னைக் கிளைகளுள் பழைமையான ஒன்றாகிய ‘பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி’ லாட்ஜ், 1839-இல் தன் கூட்டங்களுக்காகக் கட்டிக்கொண்ட கூடம் அது. கட்டியவர்கள் யார், எதற்காகக் கட்டினார்கள், எந்த வழியில் அது அரசின் கைக்கு வந்தது, ஒருமுறை இடிபடவிருந்து எப்படித் தப்பியது என்பதையெல்லாம் சேர்த்து எழுதத் தங்கள் நாளிதழ் முன்வர வேண்டும் என்ற கோரிக்கையோடும், அரசுக்கான ஒரு யோசனையோடும் இதை எழுதுகிறேன்.

ஃப்ரீமேசன் அமைப்பைப் பற்றி ரகசியச் சங்கம், மண்டையோடு, மந்திரம் என்ற அளவில்தான் நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம். வட இந்திய நகரங்களில் இவர்களுடைய கூடங்களுக்கு ‘ஜாதூ கர்’, அதாவது மாயவீடு என்றே பெயர் வழங்கியிருக்கிறது. உண்மை வரலாறு அவ்வளவு பரபரப்பானது அல்ல. கல் கட்டட வேலை செய்த ஐரோப்பியக் கொத்தர்களின் தொழிற்குழுக்களை முன்மாதிரியாக வைத்து, கரண்டியைக் கையால் தொட்டே அறியாத பிரபுக்களும் வணிகர்களும் படை அதிகாரிகளும் அமைத்துக்கொண்ட சங்கம் அது. 1717-இல் லண்டனில் நான்கு கிளைகள் கூடித் தங்களுக்கு ஒரு தலைமை அமைப்பை ஏற்படுத்தின. அங்கிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு 1730-இல் கல்கத்தாவுக்கும் 1752-இல் சென்னைக்கும் அந்த வழக்கம் வந்து சேர்ந்தது. நான் மேலே குறிப்பிட்ட லாட்ஜ் 1786-இல் அமைந்தது. இங்கிலாந்துத் தலைமை அமைப்பின் பதிவேட்டில் இன்று அதன் எண் 150.

கொத்தர் தொழிலைக் கைவிட்டவர்கள் அதன் கருவிகளைக் கைவிடவில்லை. நம் ஊர்க் கொத்தனார் பையில் இருக்கும் மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு ஆகிய மூன்றும் அங்கே பதவிச் சின்னங்கள். கிளையின் தலைவர் மூலைமட்டத்தைப் பதக்கமாக அணிகிறார். அவருக்கு அடுத்த நிலையில் உள்ள இரண்டு காப்பாளர்களில் மூத்தவர் மட்டத்தையும் இளையவர் தூக்குக்குண்டையும் அணிகிறார்கள். நேர்மை, சமத்துவம், கோணாத நடத்தை என்று இவற்றுக்கு அவர்கள் பொருள் கற்பிக்கிறார்கள். கட்டட வேலையின் ஒவ்வொரு பண்டத்துக்கும் இப்படி ஓர் ஒழுக்கப் பொருள் கொடுத்தவர்கள் தங்களுக்கென்று ஒரு கட்டடம் எழுப்பும்போது அதில் எதையும் போகிற போக்கில் வைத்துவிட மாட்டார்கள் அல்லவா?

மேசன் கூடங்கள் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே முறையில் அமைவதற்கு இதுவே காரணம். நடுக்கூடம் நீள்சதுரமாக இருக்கும். தலைவரின் இருக்கை கிழக்கில், மூத்த காப்பாளர் மேற்கில், இளையவர் தெற்கில். வடக்கில் இந்த மூவரில் எவருக்கும் இடமில்லை, ஏனென்றால் வெளிச்சம் குறைந்த திசையாக அதைக் கருதுகிறார்கள். மனை அமைப்பால் கட்டடம் வேறு பக்கம் திரும்பியிருந்தால், தலைவர் உட்காரும் பக்கத்தையே கிழக்கு என்று வைத்துக்கொள்வதும் உண்டு. தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் பதித்திருப்பார்கள். எருசலேமில் சாலமோன் மன்னர் கட்டிய ஆலயத்தின் வாயிலில் நின்றதாக விவிலியம் சொல்லும் இரண்டு தூண்களுக்கு ஈடாக இங்கும் ஒரு சோடித் தூண்கள் இருக்கும். கிரேக்க மரபின் மூவகைத் தூண்களில் அயோனிக் ஞானத்துக்கும், டோரிக் வலிமைக்கும், கொரிந்தியன் அழகுக்கும் அடையாளம். கூடத்தின் கதவுக்கு வெளியே உருவிய வாளோடு ஒருவர் காவல் நிற்பதும், உள்ளே நடப்பது வெளியே தெரியாதபடி சன்னல்களைக் குறைத்தோ உயர்த்தியோ வைப்பதும், சடங்குக்கு முன் புதியவர் காத்திருக்கத் தனியறை ஒன்றும் சடங்கு முடிந்தபின் எல்லோரும் உட்கார்ந்து உண்ணப் பந்திக்கூடம் ஒன்றும் ஒதுக்குவதும் அவர்கள் மரபு. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அலுவலகமாக இருந்துவரும் மெரினாக் கட்டடத்துக்குள் இவையெல்லாம் கலையாமல் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் வெளியே தூண்களையும் முக்கோண முகட்டையும் பார்க்கிறவருக்கு, அவை வெறும் ஆடம்பரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல என்பது தெரிந்திருந்தால் பார்வையே மாறிவிடும்.

1839 என்ற ஆண்டை இங்கே கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். அப்போது ‘மெரினா’ என்ற பெயரே கிடையாது. ஆளுநர் கிராண்ட் டஃப் கடற்கரையில் உலாப்பாதை அமைத்து அந்தப் பெயரைச் சூட்டியது 1884-இல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸ் எழுந்தது 1842-இல். மாநிலக் கல்லூரிக் கட்டடம் 1870-இல் திறக்கப்பட்டது. செனட் இல்லம் அதற்கும் பிந்தியது. ராணி மேரிக் கல்லூரி 1914-இல்தான் தொடங்கியது. 1768-இல் கட்டப்பட்ட நவாபின் சேப்பாக்கம் அரண்மனையை விட்டால், இன்று நாம் மெரினாவின் பெருமையாகக் காட்டும் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் இது மூத்தது. துறைமுகமும் அன்று இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளும் சரக்குகளும் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிக் கரை சேர்ந்த காலம். அப்படிக் கப்பலின் மேல்தட்டில் நின்று கரையைப் பார்த்தவர்களுக்கு வெறும் மணல் வெளிக்கு அப்பால் தெரிந்த மிகச் சில வெள்ளைச் சுவர்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

பாணியைப் பொறுத்தவரை இது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை நம் கட்டுரையாளர்கள் அநேகமாகக் குழப்பிவிடுகிறார்கள். ‘மெரினாவின் இந்தோ-சாரசெனிக் கட்டடங்கள்’ என்ற பொதுப்பெயருக்குள் இதையும் அடைத்துவிடுவது சரியல்ல. குவிமாடமும் வண்ணக் கண்ணாடியும் செங்கல் சிவப்புமாக அந்தக் கலப்புப் பாணியைச் சென்னையில் நிலைநிறுத்திய ராபர்ட் சிஷோம் இந்நகரத்துக்கு வந்தது 1860-களின் நடுவில்தான். அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் கம்பெனியின் சென்னை கிரேக்க, ரோமானியக் கோயில்களைப் பார்த்துத் தன்னைக் கட்டிக்கொண்ட நகரம். 1802-இல் முடிந்த விருந்து மண்டபம், அதாவது இன்றைய ராஜாஜி மண்டபம்; 1815-இல் எழுந்த கதீட்ரல் சாலைப் புனித ஜார்ஜ் பேராலயம்; 1821-இல் முடிந்த எழும்பூர் புனித ஆண்ட்ரூ தேவாலயம்; 1850-இல் சீனக் கடைத்தெருவில், ஏதென்ஸ் நகரத்துக் கோயில் ஒன்றைப் பின்பற்றி எழுப்பிய பச்சையப்பன் மண்டபம் என்று அந்தக் குடும்பத்தை வரிசைப்படுத்தலாம். மெரினாவின் மேசன் கூடம் காலத்தால் இந்த ஆண்ட்ரூ தேவாலயத்துக்கும் பச்சையப்பன் மண்டபத்துக்கும் நடுவில் வந்து அமர்கிறது. அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளில் கடலைப் பார்த்து நிற்பது இது ஒன்றுதான் என்பதால், இதை இழந்தால் சென்னைக் கடற்கரையில் ஒரு முழுக் காலகட்டத்துக்குச் சான்று இல்லாமல் போய்விடும்.

வெள்ளை என்றேனே, அந்த வெண்மை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அக்காலச் சென்னையின் பெருங்கட்டடங்களுக்குப் பளிங்குபோல மின்னும் தோற்றத்தைத் தந்தது வெளிநாட்டுப் பொருள் எதுவும் அல்ல. நம் கடற்கரைச் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. செங்கல் சுவரின்மேல் மணலும் சுண்ணாம்பும் கலந்த கரடுமுரடான முதல் பூச்சு. வெல்ல நீர் சேர்த்த அந்தக் காரை இறுகியபின் சலித்த மணலோடு இரண்டாம் பூச்சு. அதன்மேல் வெண்ணெய்போல அரைத்த சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் தயிரும் நெய்யும் சேர்த்துக் குழைத்து, விரற்கடை அளவுகூட வராத மெல்லிய கடைசிப் பூச்சு. ஈரம் முழுதும் காய்வதற்குள் மாக்கல் தூளைத் துணியில் முடிந்து சுவரில் ஒற்றிக்கொண்டே, வழுவழுப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். முகம் தெரியும் வரை தேய்ப்பு நிற்காது. ஐரோப்பியப் பயணிகள் பலர் ‘சென்னைச் சுண்ணாம்பு’ என்று வியந்து எழுதியது இந்தப் பூச்சைத்தான். லாட்ஜின் பதவிப் பதக்கங்களை யார் அணிந்திருந்தாலும், மட்டமும் தூக்குக்குண்டும் பிடித்து இப்படிப்பட்ட சுவர்களை நேராக எழுப்பியவர்கள் நம் கொத்தனார்களும் சித்தாள்களும்தான். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

மேல்தளத்துக்கும் இதே கதை. பொறியாளர்கள் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று இன்றும் சொல்லும் முறை அது. தேக்கு உத்திரங்களின்மேல் சிறிய, மெல்லிய செங்கற்களைச் சாய்வாட்டமாகச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் பதிப்பார்கள், அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காய் நீர் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள், கடைசியாகத் தட்டோடு. கம்பியும் சிமெண்டும் இல்லாத இந்தத் தளங்கள் பராமரிப்பு இருந்தால் இரு நூறு ஆண்டு நிற்கும். வெடிப்பில் ஆலங்கன்று ஒன்றை வளரவிட்டால் சில ஆண்டுகளில் உட்கார்ந்துவிடும். இந்த வேலை தெரிந்தவர்கள் அருகிவருவதால்தான் பழைய கட்டடங்களில் விரிசல் விட்ட இடத்திலெல்லாம் சிமெண்டை அப்பிவிடுகிறார்கள். சிமெண்ட் பூச்சு சுண்ணாம்புச் சுவரின் ஈரத்தை வெளியே விடாமல் உள்ளே அடைத்து, காப்பாற்ற வந்த சுவரையே உளுத்துப்போகச் செய்கிறது. பொதுப்பணித் துறையின் பாரம்பரியக் கட்டடப் பிரிவு இதை நன்றாக அறியும். 2012 ஜனவரியில் தீக்கு இரையான சேப்பாக்கம் கலச மகாலைப் பின்னர் சுண்ணாம்பும் தேக்கும் கொண்டே மீட்டெடுத்தது அந்தத் துறைதான் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

சேப்பாக்கம் என்றதும் நவாபைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தியர்களில் மிக முற்காலத்தில் ஃப்ரீமேசன் ஆனவர் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்-உல்-உம்ரா. 1770-களின் நடுவில் திருச்சிராப்பள்ளியில் அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். செய்தி எட்டியதும் லண்டன் தலைமை மகிழ்ந்துபோய், அவருக்கென்று அலங்கரித்த சடங்கு மேலாடை ஒன்றையும் அமைப்பின் விதிநூலையும் அனுப்பிவைத்தது. அவரும் பாரசீகத்தில் நன்றிக் கடிதம் எழுதினார். கால் நூற்றாண்டு கழிந்தது. 1801 ஜூலையில் உம்தத்-உல்-உம்ரா இறந்ததும், அவர் திப்பு சுல்தானோடு ரகசியமாகக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டி, அவர் மகனை ஒதுக்கிவிட்டு, தான் சொன்ன உடன்படிக்கையில் கையெழுத்திடச் சம்மதித்த உறவினரைப் பெயரளவு நவாபாக்கி, அன்று ‘கர்நாடகம்’ என்று வழங்கிய ஆற்காட்டு நவாபின் நாடு முழுவதையும் கம்பெனி அதே மாதத்தில் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. ‘சகோதரர்’ என்று மேலாடை போர்த்தியதெல்லாம் அந்த ஜூலையில் எந்தப் பயனும் தரவில்லை. அவருடைய அரண்மனை பிறகு அரசு அலுவலகமாயிற்று. அதே கடற்கரையில் லாட்ஜ் கட்டிய கூடமும் அரசு அலுவலகமாயிற்று. சரித்திரம் இருவரையும் ஒரே சாலையில் குடியமர்த்தியிருக்கிறது.

காவல்துறை இக்கட்டடத்துக்கு வந்த கதை சுருக்கமானது. 1858-இல் வில்லியம் ராபின்சன் சென்னை மாகாணக் காவல்துறையின் முதல் தலைவராக நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு வந்த 24-ஆம் எண் சட்டம் அத்துறைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. புதிய துறைக்கு இடம் தேவைப்பட்டது. 1865-இல் இந்தக் கட்டடத்தை மாதம் 90 ரூபாய் வாடகைக்கு எடுத்தார்கள். 1874-இல் 20,000 ரூபாய்க்கு அரசே விலைக்கு வாங்கிக்கொண்டது. கணக்குப் போட்டால் பதினெட்டரை ஆண்டு வாடகைக்குச் சமமான விலை. கடலைப் பார்த்த மனையோடு சேர்த்து இது அரசுக்கு நட்டமான வியாபாரம் அல்ல. யாரும் உள்ளே எட்டிப்பார்க்கக் கூடாது என்று வாயிலில் வாளோடு ஆள் நிறுத்திய ஒரு சங்கத்தின் கூடத்துக்கு அடுத்து வந்த குடித்தனக்காரர் காவல்துறையாக அமைந்ததில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. வாயிலில் காவல் நிற்கும் வழக்கம் மாறவே இல்லை.

1993-ஆம் ஆண்டளவில் இதை இடித்துவிட்டு அந்த இடத்தில் பல அடுக்கு மாளிகை எழுப்ப அரசு திட்டமிட்டது. இடப் பற்றாக்குறை உண்மையானதுதான். வளர்ந்துவிட்ட துறைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம் போதவில்லை என்று அதிகாரிகள் சொன்னதில் பிழை காண முடியாது. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கும் பொதுமக்கள் எதிர்ப்பும் சேர்ந்து அரசின் மனத்தை மாற்றின. கட்டடம் பழுதுபார்க்கப்பட்டது, இடத் தேவைக்கு அதே வளாகத்தில் வேறு கட்டடம் எழுந்தது. அந்நாளில் சென்னையில் ஒரு பழைய கட்டடம் நீதிமன்றத்தின் துணையோடு பிழைப்பது அரிது. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்து இடம் காலியானதை அப்போதுதான் கண்டிருந்தோம். இந்த இடிப்புத் திட்டத்துக்குப் பத்து ஆண்டு கழித்து, 2003-இல், பக்கத்திலிருந்த ராணி மேரிக் கல்லூரியை அகற்றிவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டும் திட்டம் வந்தபோது மாணவியர் போராடி அதைத் தடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கடற்கரைச் சாலையின் இந்தப் பகுதியில் இன்று நிற்கிற சுவர்கள் தாமாக நிற்கவில்லை என்பது விளங்கும்.

வெள்ளைக்கார அதிகாரிகள் கூடிக் குடித்துக் கலைந்த ஒரு சங்கத்தின் கட்டடத்துக்கு இவ்வளவு பரிந்து பேச வேண்டுமா என்று சில வாசகர்கள் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. சகோதரத்துவம் பேசிய இந்த அமைப்பு இந்துக்களைச் சேர்த்துக்கொள்ளவே நெடுங்காலம் தயங்கியது. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்பவர் சுமார் ஒன்பது ஆண்டு வாதாடி 1872-இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. சென்னையில் இந்தியர்களுக்கு இடம்தரும் நோக்கத்தோடு ‘கர்நாடிக்’ என்ற கிளை 1883-இல் ஏற்பட்டது. அதற்குள் நம் கட்டடம் கைமாறி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே அதன் கூடத்தில் இந்தியர் எத்தனை பேர் சரிசமமாக உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் பெரிதாக நம்பவில்லை. ஆனாலும் கட்டடத்தைக் காப்பது கட்டியவரைப் போற்றுவது ஆகாது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நம் சட்டமன்றம் கூடுவதை யாரும் கம்பெனிக்குச் செய்யும் மரியாதையாக எடுத்துக்கொள்வதில்லையே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய கூடங்களைக் காப்பதில் ஃப்ரீமேசன்களே அப்படியொன்றும் முன்மாதிரிகள் அல்லர். லண்டன் கிரேட் குயின் தெருவில் 1776-இல் தாமஸ் சாண்ட்பி கட்டிக்கொடுத்த முதல் கூடத்தைத் தங்கள் புதிய தலைமையகத்துக்காக அவர்களே 1930-களின் தொடக்கத்தில் இடித்தார்கள். அங்கே 1927-இல் தொடங்கி 1933-இல் முடித்த இன்றைய கட்டடம் முதல் உலகப் போரில் இறந்த 3,225 உறுப்பினர்களின் நினைவாக எழுந்தது. எஃகுச் சட்டகத்தின்மேல் போர்ட்லாண்ட் கல் போர்த்தியது. 1,700 பேர் உட்காரும் பெருங்கூடத்தின் வெண்கலக் கதவுகள் ஒவ்வொன்றும் ஒன்றேகால் டன் எடை. அந்த இடிப்பை நான் மெச்சவில்லை. மெச்சத்தக்கது வேறு: அங்கே அருங்காட்சியகம் வைத்து, பொதுமக்களை உள்ளே அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜேம்ஸ் விண்ட்ரிம் வடிவமைத்து 1873-இல் திறந்த மேசன் மாளிகையிலும் அப்படித்தான். எகிப்து, நார்மன், கோதிக், அயோனிக், கொரிந்தியன், கீழைநாடு, மறுமலர்ச்சி என்று பாணிக்கு ஒரு கூடமாக ஏழு கூடங்கள். எகிப்தியக் கூடத்தின் சுவரில் தீட்டிய சித்திர எழுத்துகளைப் படிக்கவே முடியும் என்கிறார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு எவரும் சுற்றிப் பார்க்கலாம். சடங்கின் ரகசியத்தை வைத்துக்கொண்டே கட்டடத்தைத் திறந்துவிட முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. நம் ஊரில் எழும்பூர் எத்திராஜ் சாலையில் 1925 முதல் இயங்கிவரும் ஃப்ரீமேசன் மன்றத்தாரும், 1961-இல் இந்தியாவுக்கென்று தனித் தலைமை அமைப்பு ஏற்பட்டபின் தென்மண்டலத்தை நடத்துகிறவர்களும், தங்கள் முன்னோர் விட்டுவந்த கடற்கரைக் கூடத்தைப் பற்றிய பழைய குறிப்புகள், வரைபடங்கள், படங்கள் இருந்தால் அவற்றைத் தமிழில் வெளியிட முன்வருவது நல்லது.

அரசிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. மாநிலக் காவல்துறையின் மூளையாக இயங்கும் இடத்துக்குள் கண்டவர்களும் நுழைந்து படம் எடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. காமராஜர் சாலை நடைபாதையில் போகிறவர் நின்று படிக்கத்தக்க அளவில், கண்ணுக்குப் பட்ட உயரத்தில், தமிழை முதலில் வைத்து ஒரு கல் பலகை நாட்டலாம்: 1839-இல் யார் கட்டினார்கள், 1865-இல் யார் குடியேறினார்கள், 1874-இல் என்ன விலைக்கு அரசுடைமையாயிற்று, 1990-களில் எப்படித் தப்பிற்று என்ற நான்கு வரிகள் போதும். ஆண்டுக்கு ஒருமுறை, முன்பதிவு செய்த மாணவர்களையும் கட்டடக்கலை ஆர்வலர்களையும் முன்முகப்பு வரையிலாவது அழைத்துப்போய்த் தூண்களையும் தளத்தையும் காட்டலாம். எழும்பூரிலிருந்த பழைய மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தைச் செப்பனிட்டு 2021-இல் அருங்காட்சியகமாகத் திறந்து, பள்ளிப் பிள்ளைகளை வரவேற்கும் துறைக்கு இது புதிதும் அல்ல, கடினமும் அல்ல. அந்த அருங்காட்சியகத்திலேயே தலைமையகக் கட்டடத்தின் வரலாற்றுக்கு ஒரு சுவரை ஒதுக்கி, அளந்து வரைந்த அதன் வரைபடங்களை மாட்டினால் மேலும் நல்லது. வருங்காலத்தில் பழுதுபார்க்கும் பொறியாளருக்கும் அது உதவும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை மெரினாவைப் பற்றிச் சிறப்புப் பக்கம் வெளியிடும்போது, சாலையின் எதிர்ப்புறத்தில் நின்று எடுத்த இந்தக் கட்டடத்தின் முழு முகப்புப் படத்தையும், அது எந்தப் பாணி, எந்த ஆண்டு, யாருடைய கூடம் என்ற விவரத்தையும் சேர்த்துப் போடுங்கள். சுண்ணாம்புப் பூச்சு வேலை தெரிந்த மூத்த கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கண்டு பேசி, அந்தப் பூச்சைப் போடும் முறையை அவர் வாய்மொழியாகவே பதிவுசெய்தால் என்னைப் போன்ற வாசகர்கள் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மயிலாப்பூர், சென்னை.